விட்டத்தில் நின்றவள் தோளில் ஏறலாமா? ஜிம்னாஸ்டிக்கும் போட்டிச் சியரும்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா தொலைபேசியில் அழைத்தார். ஏழு ஆண்டுகளாக ஜிம்னாஸ்டிக் பழகிவந்த தன் மகள் அதை நிறுத்திவிட்டுப் போட்டிச் சியரில் (சியர்லீடிங்) சேரப்போவதாக அடம்பிடிக்கிறாள் என்றும், வைகாசியில் அங்கே அணித் தெரிவு நடப்பதால் அதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். "நீதானே இருபது வருசமாப் பிள்ளையளுக்குக் கரணம் பழக்கிறாய், நீயே சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் இறக்கிவிட்டார். நான் கிளிநொச்சியில் உடற்கல்வி ஆசிரியை. ஜிம்னாஸ்டிக்கை மாணவியாகவும் ஆசிரியையாகவும் அறிவேன். சியரை மருமகள் அனுப்பும் காணொளிகளில்தான் கண்டிருந்தேன். ஆகவே அதன் விதிகளையும் காயங்கள் பற்றிய மருத்துவக் கட்டுரைகளையும் இரண்டு வாரம் இருந்து படித்தேன். அதே வாரங்களில், என்னிடம் பழகும் ஒன்பதாம் தரத்து மாணவி ஒருத்தியும் அந்தக் காணொளிகளில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், எங்களுக்கும் இதைப் பழக்குவீங்களோ?" என்று கேட்டாள். ஒரே கேள்வியை இரண்டு பிள்ளைகள் இரண்டு இடங்களிலிருந்து கேட்டதால் இந்த ஒப்பீட்டை எழுத நேர்ந்தது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். பேத்தி சியருக்குப் போகிறாளாம் என்று அம்மாவுக்குச் சொன்னதும், "கிரிக்கெட்டில சிக்ஸர் அடிச்சா ஆடுற பிள்ளையள் மாதிரியோ?" என்று முகத்தைச் சுழித்தார். 2008இல் ஐ.பி.எல். தொடங்கியதிலிருந்து நம்மவர் பலருக்குச் சியர் என்றால் அந்தக் காட்சிதான். அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் 1898இல் ஒரு மாணவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கமிட வைத்ததிலிருந்து சியரின் வரலாறு தொடங்குகிறது என்பதும், அது மற்றவர்களின் விளையாட்டுக்கு ஊக்கம் கொடுக்கப் பிறந்தது என்பதும் உண்மையே. ஆயினும் இன்று போட்டிச் சியர் என்று சொல்லப்படுவதில் ஊக்கப்படுத்துவதற்கு வேறு அணி எதுவும் இல்லை. ஏறத்தாழ இருபது பேர் கொண்ட ஓர் அணி, இரண்டரை நிமிடத்துக்குள், தரைக்கரணம், தாவல், ஆளை ஆள் தூக்குதல், வீசிப் பிடித்தல், கோபுரம் கட்டுதல், சிறிது நடனம் ஆகியவற்றைச் செய்து காட்ட, நடுவர்கள் புள்ளியிடுகிறார்கள். 2004இல் உருவான சர்வதேசச் சியர் ஒன்றியத்துக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2021இல் முழு அங்கீகாரம் வழங்கியது. இதனால் சியர் ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது என்று சிலர் கருதுகிறார்கள். அங்கீகாரம் கிடைத்திருக்கிறதே தவிர, பதக்கத்துக்குரிய விளையாட்டாக அது இன்னும் சேர்க்கப்படவில்லை.

ஜிம்னாஸ்டிக்கிலிருந்து போகும் பிள்ளை கையோடு கொண்டுபோவது எது, விட்டுச்செல்வது எது என்ற கணக்கை அடுத்துப் பார்க்கலாம். பெண்களுக்கான கலைமுறை ஜிம்னாஸ்டிக்கில் நான்கு பிரிவுகள் உள்ளன: குதிரைத் தாண்டல், உயரம் மாறிய இரட்டைச் சட்டம், சமநிலை விட்டம், தரைப்பயிற்சி. சியருக்கு உடனடியாகப் பயன்படுவது இவற்றில் தரைப்பயிற்சி மட்டுமே. இரட்டைச் சட்டத்தில் உள்ளங்கைத் தோல் உரிய உரியக் கற்றவற்றுக்கு அங்கே இடமில்லை. என் மருமகள் ஓடிவந்து கையூன்றித் திரும்பி, பின்புறமாக ஒருமுறை கையூன்றிப் புரண்டு, பிறகு கையூன்றாமல் முழங்கால்களை மடித்துக் கரணமடிப்பாள். சியரில் அணிகள் 1 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. பின்புறமாகக் கையூன்றிப் புரள்வது 2ஆம் நிலையிலும், ஓடிவந்து அடிக்கும் மடித்த கரணம் 3ஆம் நிலையிலும், அதையே நின்ற இடத்திலிருந்து அடிப்பது 4ஆம் நிலையிலும், முழுச் சுழற்சியோடு அடிப்பது 5ஆம் நிலையிலும் வருகின்றன. இப்படி முதல் நாளே அவள் தன் வயதொத்த பலரை முந்தி நிற்பாள் என்பதில் ஐயமில்லை. பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான். கரணத்தில் 3ஆம் நிலையைத் தொடும் பிள்ளையைப் பார்த்ததும், ஒருநாளும் ஆள் தூக்கிப் பழகாதவள் என்பதை மறந்து, அவளை அந்த நிலை அணியிலேயே சேர்த்துவிடும் ஆசை பயிற்றுநருக்கும் வரும், பெற்றோருக்கும் வரும்.

சில பழக்கங்களை மாற்றவும் வேண்டியிருக்கும். ஜிம்னாஸ்டிக்கில் விரல்நுனி மென்மையாக நீண்டிருக்க வேண்டும். சியரில் கை முட்டியாக மூடி, வெட்டியதுபோல் நிற்க வேண்டும். முன்னதில் கரணத்தை முடித்துக் கால் அசையாமல் தரையில் ஒட்டி நின்றால் புள்ளி. பின்னதில் நிற்க நேரமில்லை, எட்டு எண்ணிக்கைத் தாளத்தில் எல்லோரும் ஒன்றாக அடுத்த அசைவுக்குப் போயாக வேண்டும். இவை ஒரு பருவத்தில் மாறிவிடும். மாறுவதற்குக் கடினமான பழக்கம் ஒன்று உண்டு. அதைப்பற்றி எங்கள் பாடசாலை மண்டபத்தில் நான் கண்டதைக் கொண்டே சொல்கிறேன்.

சமநிலை விட்டத்தின் அகலம் 10 சென்ரிமீற்றர், நீளம் 5 மீற்றர், போட்டியில் அதன் உயரம் 1.25 மீற்றர். எங்களிடம் அசல் விட்டம் இல்லை. முதலில் சீமெந்து நிலத்தில் சோக்கட்டியால் 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள் கீறி நடக்கப் பழக்குவேன். அது சரிவந்ததும், பழைய வீடொன்றைப் பிரித்தபோது கிடைத்த முதிரைத் தீராந்தி (கூரை உத்தரம்) ஒன்றை இழைத்து, சாக்குச் சுற்றி, இரண்டு பக்கமும் கல் அடுக்கி அதன்மேல் ஏற்றுவேன். அந்த ஒன்பதாம் தரத்து மாணவி தீராந்தியில் ஒற்றைக்காலில் நிற்கும்போது அவளுடைய கணுக்காலைக் கிட்டப்போய்ப் பார்த்தால், அது ஒரு நொடிகூட ஓய்வதில்லை. ஒரு பக்கம் சரிந்தால் பெருவிரல் அழுத்தும், மறுபக்கம் சரிந்தால் சின்னவிரல் அழுத்தும், இடுப்பு அரை அங்குலம் விலகும், கை ஒன்று உயரும். விழாமல் இருப்பதற்காகத் தன்னைத் தானே ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பதுதான் விட்டத்தில் கற்கும் கல்வி.

சியரில் தோள் உயரத்திலோ தலைக்கு மேலோ நிற்பவளை ‘ஃபிளையர்’ என்கிறார்கள். அவளுடைய பாதத்தைத் தாங்கும் இருவர் ‘பேஸ்’, பின்னால் நின்று கணுக்காலைப் பிடிப்பவர் ‘பேக் ஸ்பொட்’, அதாவது பின்காவல். மேலே நிற்பவள் உடலை இறுக்கி, மரக்கட்டைபோல் நேராக நிற்க வேண்டும் என்பதே அவளுக்கான முதற்பாடம். சமநிலையைத் திருத்தும் வேலை கீழே நிற்பவர்களுடையது. அவள் தன் கணுக்காலால் திருத்தத் தொடங்கினால், கீழே இருப்பவர்கள் ஒரு பக்கம் திருத்த, அவள் மறுபக்கம் திருத்த, இரண்டும் சேர்ந்து அந்த வித்தை குலைந்துபோகும். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குத் தலையில் பாற்செம்பு எடுத்துக்கொண்டு போகிறவரைப் பாருங்கள். பால் சிந்தாதிருப்பது சுமப்பவரின் கழுத்தால். செம்பும் தன்பாட்டில் ஆடத் தொடங்கினால் ஒரு துளி மிஞ்சாது. ஏழு ஆண்டுகள் தன் கால்விரலை மட்டுமே நம்பப் பழகிய ஒரு பிள்ளையிடம், இனிமேல் உன் கால் பேசாமல் இருக்கட்டும் என்று சொல்வது இலேசான காரியமல்ல. ஜிம்னாஸ்டிக் பழகிய பிள்ளை சின்ன உருவமாக இருந்தால் உடனே மேலே ஏற்றிவிடுவதை நான் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

காயங்களைப் பற்றி அண்ணா ஒரே கேள்விதான் கேட்டார்: "எது ஆபத்துக் குறைவு?" அப்படி ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது, ஏனெனில் இரண்டிலும் காயம் வரும் வழி வேறு. ஜிம்னாஸ்டிக்கில் பெரும்பாலான தொல்லை மெல்ல மெல்லச் சேர்கிறது. வளரும் வயதில் கையைக் காலாக்கி ஆயிரக்கணக்கான தடவை ஊன்றுவதால், மணிக்கட்டில் ஆரை எலும்பின் வளர்ச்சித்தட்டு நோகும். முதுகை மீண்டும் மீண்டும் பின்னால் வளைப்பதால் இடுப்பு முள்ளெலும்பில் மெல்லிய வெடிப்பு வரலாம். குதிகாலும் முழங்காலின் கீழ்ப்பகுதியும் நோகும். பிள்ளை ஒரே ஆண்டில் மளமளவென்று வளரும்போது இவை எல்லாம் கூடும். சியரில் ஆபத்து ஒரு நொடியில் வருகிறது. அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளில் எடுத்த கணக்குகளின்படி, சியரில் காயம் நேரும் வீதம் மற்றப் பல விளையாட்டுகளைவிடக் குறைவு. ஆனால் நேரும் காயங்களில் முதலிடம் மூளை அதிர்ச்சிக்கு, பாதிக்கு மேற்பட்டவை ஆள் தூக்கும்போது நேர்கின்றன. விழுகிறவளுக்கு மட்டுமல்ல, அவளைப் பிடிக்கப் போகிறவளுக்கும் முழங்கையாலோ முழங்காலாலோ தலையில் அடிபடுகிறது. உயர வீசிப் பிடிக்கும் வித்தையைக் கடினத் தளத்தில் செய்வதற்கு 2006ஆம் ஆண்டளவிலிருந்து அங்கே விதிகளை இறுக்கியதும் இதனால்தான்.

மருமகளுக்கு இந்த ஒரு வருடத்தில் வலது மணிக்கட்டு நோகத் தொடங்கியிருக்கிறது; சியருக்குப் போனால் அது ஆறிவிடும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. அதை நான் ஏற்கவில்லை. சியரிலும் கையூன்றும் கரணம் உண்டு. அதோடு, கீழே நின்று தாங்குபவளின் மணிக்கட்டு பின்னால் மடிந்த நிலையில் இன்னொரு பிள்ளையின் பாதத்தைச் சுமக்கிறது. இரட்டைச் சட்டத்தையும் குதிரைத் தாண்டலையும் விடுவதால் சுமை குறையும் என்பது சரி, ஆனால் நோவுள்ள மணிக்கட்டோடு புதிய அணியொன்றில் சேருவது, ஓட்டைச் சட்டியைக் கழுவிவிட்டு அதே அடுப்பில் மறுபடி ஏற்றுவது போன்றது. எந்தப் பக்கம் போவதானாலும் முதலில் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் காலம் வரை கையூன்றுவதை நிறுத்த வேண்டும்.

ஆள்மேல் ஆள் ஏறும் வித்தையின் ஆபத்தை நான் புத்தகத்தில் படித்துத்தான் அறிந்தேன் என்றில்லை. பத்து ஆண்டுகளுக்கும் முன், வேறொரு பாடசாலையில் கற்பித்த காலத்தில், இல்ல விளையாட்டுப் போட்டிக்கான உடற்பயிற்சிக் கண்காட்சியின் முடிவில் மூன்றடுக்குக் கோபுரம் ஒன்றை வைத்திருந்தேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, மைதானத்தில் ஒத்திகை நடக்கையில், கீழடுக்கில் நின்ற பிள்ளையின் காலில் எறும்பு கடித்துவிட்டது. அவள் காலை உதற, உச்சியில் கையில் கொடியோடு நின்ற ஏழாம் தரத்துப் பிள்ளை முன்பக்கமாக விழுந்து முன்கை முறிந்தது. எறும்பைக் குறைசொல்லிப் பயனில்லை. பதினான்கு பிள்ளைகளைத் தாங்குவதற்கு நிறுத்தியிருந்த நான், பிடிப்பதற்கென்று ஒருவரையும் நிறுத்தவில்லை. சியரின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, உயரமான தூக்கு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருத்தி நின்று, கண்ணை மேலே இருப்பவளின் முதுகிலிருந்து எடுக்காமல், விழுந்தால் தலையையும் தோளையும் ஏந்த வேண்டும் என்று வைத்திருப்பதுதான். வன்னியில் மாசி, பங்குனியில் இன்னமும் கோபுரம் கட்டும் ஆசிரியர்கள் அந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

நேரத்தையும் பணத்தையும் நீட்டிப் பேச வேண்டியதில்லை. மருமகள் இப்போது வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பழகுகிறாள். சேர நினைக்கும் சியர்க் கழகத்தில் ஆறு மணி நேரம். பணம் அந்த அளவுக்குக் குறையாது, ஏனெனில் சீருடை, போட்டிக் கட்டணம், வெளியூர்ப் பயணம் என்று சியரில் தனித்தனியாக வந்து சேரும். அண்ணா கவனிக்காத வேறுபாடு ஒன்று உண்டு. ஜிம்னாஸ்டிக்கில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவளுடைய போட்டி மட்டும் போகிறது. சியரில் நால்வர் சேர்ந்து செய்யும் தூக்கில் ஒருத்தி வராவிட்டால் மற்ற மூவரும் சும்மா நிற்க வேண்டும். அணி கோடை தொடங்கும்போது அமைந்து, போட்டிகள் மார்கழி தொடங்கிச் சித்திரை வரை நடப்பதால், நடுவில் மனம் மாறி விலகுவது மற்றவர்களின் ஓராண்டைக் கெடுப்பதாகும். இதைச் சொன்னபோது அண்ணா சற்று நேரம் பேசவில்லை. அடுத்த தை மாதம் குடும்பத்தோடு ஊருக்கு வருவதாக இருந்தார்கள்.

எதிர்காலம் என்று பார்த்தால், ஜிம்னாஸ்டிக்கில் பதின்மூன்று வயதோடு வாசல் மூடிவிடுகிறது என்ற பழைய பேச்சை நம்ப வேண்டாம். 1976இல் மொன்றியலில் நாடியா கொமனேச்சி ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் முதன்முதலாகப் பத்துக்குப் பத்துப் பெற்றபோது அவருக்கு வயது பதினான்கு. இன்று பெண்கள் பதினாறு வயதை எட்டும் ஆண்டுக்கு முன் சர்வதேசப் பெரியோர் போட்டிகளில் இறங்க முடியாது. சிமோன் பைல்ஸ் 2024இல் பாரிஸில் தங்கம் வென்றது இருபத்தேழு வயதில். நமக்கு அருகில், திரிபுராவிலிருந்து வந்த தீபா கர்மாகர் 2016இல் ரியோவில் குதிரைத் தாண்டலில் 15.066 புள்ளி பெற்று, வெண்கலத்தை 0.150 புள்ளியால் தவறவிட்டு நான்காவதாக வந்தார். ரோக்கியோ ஒலிம்பிக்கில் மில்கா கெஹானி இலங்கையின் முதல் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாகப் பங்குபற்றினார். ஆனால் இவர்கள் வாரம் முழுவதையும் கூடத்தில் கழித்தவர்கள். மருமகளோ கடந்த ஆறு மாதமாகப் பயிற்சிக்குப் போகும் காரில் அழுதுகொண்டு போகிறாள் என்று அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னார். அதை அண்ணா சொல்லவில்லை. என் முடிவில் மற்ற எல்லாக் காரணங்களையும்விட அதற்குத்தான் கூடுதல் நிறை கொடுத்தேன்.

இனி இங்குள்ள பிள்ளைக்கு வருகிறேன். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சேருவதற்கு ஒரு சியர்க் கழகம் இல்லை. சுருள்வில் பொருத்திய தரை இல்லை. ஆள் தூக்கப் பழக்கிய பயிற்றுநர் இல்லை. காலபோக அறுவடை முடிந்த கையோடு வைக்கோலைக் கொண்டுவந்து நீளம் பாய்தல் குழியில் பரப்பி, அதன்மேல் தும்பு மெத்தை போட்டுக் கரணம் பழக்கலாம், பழக்கியும் இருக்கிறேன். விழுந்தால் அவள் தன் உயரத்திலிருந்துதான் விழுவாள். தலைக்கு மேல் தூக்கிய பிள்ளையை அந்த வைக்கோலை நம்பி விடமாட்டேன். காணொளி பார்த்து ஆள் தூக்கப் பழகுவதை நான் முற்றாகத் தடுத்திருக்கிறேன். ஜிம்னாஸ்டிக்கில் தொடர்ந்தால் வலயம், மாகாணம், தேசியம் என்று பாடசாலைப் போட்டிகளின் படிகள் உண்டு. தேசிய மட்டச் சாதனை இருந்தால் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் வழியுண்டு. ஆனால் அசல் இரட்டைச் சட்டத்தைத் தொடாமலே மேல்மட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளை எவ்வளவு தூரம் போவாள் என்பதை நான் அவளிடம் மறைக்கவில்லை.

அவளுக்கு வேறொரு கதவைக் காட்டினேன்: கோலூன்றிப் பாய்தல். கரணம் பழகிய உடலுக்கு இதைப்போல் பொருந்தும் மெய்வல்லுநர் நிகழ்ச்சி வேறில்லை. தலைகீழாகத் தொங்கும்போது தான் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வு அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. ரஷ்யாவின் யெலேனா இசின்பாயெவா ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை ஜிம்னாஸ்டிக் பழகி, உயரம் கூடிவிட்டதால் அதை விட்டவர். 2009இல் அவர் தாண்டிய 5.06 மீற்றர் உலக சாதனையாயிற்று. அவ்வளவு தூரம் போகவேண்டாம், யாழ்ப்பாணத்து மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் இதே நிகழ்ச்சியில் இலங்கைச் சாதனையைப் பலமுறை புதுப்பித்தவர். அவரும் வடக்கு மாகாணத்துப் பாடசாலையொன்றிலிருந்து வந்தவர்தான் என்பதால், இது கனடாக் காணொளியைவிட அவளுக்குக் கிட்டிய காட்சி.

அண்ணாவுக்கு நான் எழுதி அனுப்பிய முடிவு இதுதான். மணிக்கட்டு ஆறியபின் பிள்ளை சியருக்குப் போகட்டும். ஆனால் முதல் ஆண்டில், கரணத் திறமையைக் காட்டி 3ஆம் நிலை அணியில் சேராமல், 2ஆம் நிலை அணியில் சேரட்டும். ஓராண்டில் எட்டு சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கும் அவள் மேலே ஏற ஆசைப்படாமல் பின்காவலாக நிற்கப் பழகட்டும். பிடிக்கத் தெரிந்த பிறகு ஏறுவது நல்லது. கழகத்துக்கு நேரில் போய், புதிய தூக்கொன்றைப் பழக்கும்போது சுற்றிவர எத்தனை பேர் காவல் நிற்கிறார்கள் என்பதை ஒரு மணி நேரம் இருந்து எண்ணுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்று பயிற்சியிலிருந்து நிறுத்துகிறார்களா என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேறு கழகம் பாருங்கள். தை மாதப் பயணத்தை ஆவணிக்கு மாற்றுங்கள். பழைய ஜிம்னாஸ்டிக் கூடத்தில் வாரம் ஒருநாள் போட்டியில்லாமல் பழகும் வகுப்பு இருந்தால் அதை விடவேண்டாம். மீண்டும் போக மனம் வந்தால் ஓராண்டு இடைவெளியை மீட்கலாம்.

மருமகளின் பதில் குரல் செய்தியாக வந்தது. "மாமி, அப்ப நான் பின்னால நிக்கிறதுக்கோ இவ்வளவு நாளும் பழகினனான்?" ஓம் என்று எழுதினேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், பின்காவலாக நிற்பவர் கையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும் காணொளியொன்றை அனுப்பி, மணிக்கட்டு இதில் மடியாதுதானே என்று கேட்டிருந்தாள்.

இங்கிருப்பவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. தீராந்தியை விடமாட்டாளாம், சனிக்கிழமைகளில் மட்டும் மூங்கில் தடியொன்றை ஊன்றி மணற்குழியைத் தாண்டிப் பார்க்கிறாள்.